பதினோரு கிலோமீட்டருக்கு ஒன்பது கூட்டங்கள்

கிரேன்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே. சைக்கிள எடுத்துக்கிட்டு அந்த வெள்ளைத் திட்டு வரைக்கும் போயிட்டு வருவோமா?"

இதற்கு வருகிறேன் என்று சொல்லலாம், வரவில்லை என்று சொல்லலாம், முழங்கால் வலி என்று பொய்யும் சொல்லலாம். செயலாளர் எதையும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு புதுக் கோப்பை எடுத்துவந்து, அதன் மேல் 'கடலோர மிதிவண்டிப் பயணம் (எளியது)' என்று பட்டையான எழுத்தில் எழுதினார். அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த ஒரு சொல் பிற்பாடு மூன்று கூட்டங்களைத் தின்னும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

செயலாளர் என்றால் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் நல மன்றத்தின் செயலாளர். அதற்கு முன் முப்பத்தோரு வருடம் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மனைவி வைத்த காபிக்குப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைத் தேடினார் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அது மிகை. ஆனால் பெரிய மிகை இல்லை.

கிரேன்காரர் அதே முப்பத்தோரு வருடம் எதிரே, நாற்பது மீட்டர் உயரத்தில், பெட்டி போன்ற ஒரு கேபினில் உட்கார்ந்து கப்பலிலிருந்து சரக்கை இறக்கியவர். ஒருவர் தரையில், ஒருவர் வானத்தில். இருவருக்கும் நடுவே ஒரு ஜன்னல். நாலு மணிக்கு மேலதிகாரி வெளியே போயிருந்தால் குமாஸ்தா அந்த ஜன்னலில் சிவப்புக் கோப்பை நிறுத்திவைப்பார். சிவப்பு தெரிந்தால் கிரேன்காரர் இறங்கிவருவார். இருவரும் இருபது நிமிடம் டீ குடிப்பார்கள். பச்சை தெரிந்தால் மேலதிகாரி உள்ளே இருக்கிறார், அன்றைக்கு டீ இல்லை. முப்பத்தோரு வருட நட்பு இந்த இரண்டு நிறத்தில் ஓடியது.

அந்த இருபது நிமிடங்களில் கிரேன்காரர் அடிக்கடி சொன்ன ஒன்று உண்டு. மேலேயிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, கரை வளைகிற இடத்தில், சிப்பி மணலால் ஆன ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். வெயில் சாய்ந்தால் அது யாரோ உலரவைத்த துணி மாதிரி பளிச்சென்று இருக்கும். தினமும் பார்க்கிறார். ஒரு தடவைகூடப் போனதில்லை. முதலில் வேலை, அப்புறம் மனைவிக்கு நோய், அப்புறம் மனைவி இல்லை, அப்புறம் ஒன்றும் இல்லை. இப்போது, அடுத்த மாதக் கடைசியில் மகள் வந்து அவரைத் தன்னோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு. மகள் இருப்பது கடலிலிருந்து பத்து மணி நேர ரயில் தூரத்தில், ஒன்பதாவது மாடியில்.

"அங்க போனா நான் திரும்ப வரப்போறதில்லய்யா. மேலயிருந்தே பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஒரு தடவ காலு வச்சுப் பாத்துடுவோம். தட்டையான ரோடு. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். நீயும் நானும் போதும்."

செயலாளர் கோப்பில் முதல் தாளை வைத்து, 'பொருள்' என்று எழுதிக் கோடு போட்டார்.

"மன்றத்துல வச்சு முறையாப் பண்ணுவோம்யா" என்றார். "உனக்கு வழியனுப்பு விழா மாதிரியும் ஆச்சு."

கிரேன்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் எதற்கும் மறுப்புச் சொல்கிறவர் இல்லை. கீழேயிருந்து கொடி காட்டினால் இறக்குவார், கொடி காட்டினால் நிறுத்துவார். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

அவர் போனதும் செயலாளரின் மனைவி சமையலறையிலிருந்து கேட்டார்.

"ஏங்க, அண்ணன் உங்களக் கூப்பிட்டாரா, மன்றத்தக் கூப்பிட்டாரா?"

"உனக்குப் புரியாது. ஒரு மனுஷன் ஊரவிட்டே போறான். ரெண்டு பேரா சைக்கிள்ல போயிட்டு வந்தா அதுக்கு என்ன மரியாத?"

"மரியாதயக் கேட்டாரா?"

செயலாளர் கோப்புக்கு எண் போடுவதில் மும்முரமானார். உண்மையை அவர் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேராகப் போனால் அங்கே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேச வேண்டும், அல்லது பேசாமல் இருக்க வேண்டும். நாலு மணி டீக்கு இருபது நிமிடம் என்று அளவு இருந்தது. இதற்கு அளவு இல்லை. இருபது பேர் இருந்தால் தலைவர் உரையாற்றுவார், ஒருவர் நன்றி சொல்வார், பிரிவு என்பது நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது அம்சமாக வந்து ஐந்தாவது அம்சமாகவே போய்விடும்.

மன்றம் மீன்வலைக் கடைக்கு மேலே ஒரு நீண்ட அறை. பதினாலு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டே வேகம் கொண்ட ஒரு மின்விசிறி. முதல் வேகத்தில் காற்று வராது, இரண்டாவது வேகத்தில் தீர்மானங்கள் பறக்கும். தலைவர் துறைமுகத்தில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். எதைப் பற்றிப் பேசினாலும் அது அதுவல்ல என்று ஆரம்பிப்பார்.

"இது வெறும் சைக்கிள் பயணம் இல்ல" என்றார் முதல் கூட்டத்தில். "நம்ம தலைமுறை இந்தக் கடலுக்குச் சொல்ற நன்றி."

"கடலுக்கு அது தெரியுமாங்க?" என்று பின்வரிசையிலிருந்து கிரேன்காரர் கேட்டார்.

நாலு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. செயலாளர் குறிப்பேட்டில் 'உறுப்பினர் ஒருவர் விளக்கம் கோரினார்' என்று எழுதினார்.

இரண்டாவது கூட்டத்தில் காற்றை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. துறைமுகத்தில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தவர் அதற்குத் தலைவர். அவர் ஒரு வாரம் கடற்கரையில் விரலை ஈரமாக்கி நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு நாலு பக்க அறிக்கை கொடுத்தார். அதன் சாரம், போகும்போது காற்று பின்னாலிருந்து வரலாம், திரும்பும்போது முன்னாலிருந்து வரலாம், இரண்டும் நடக்காமலும் போகலாம் என்பது. அறிக்கை பாராட்டுடன் ஏற்கப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில் வந்தது வினை. 'எளியது' என்றால் என்ன என்று தலைவர் கேட்டார். எளியது என்று எழுதிவிட்டு யாராவது கஷ்டப்பட்டால் மன்றத்தின் பேர் என்னாவது? நியாயமான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எளிமையை வரையறுக்க மூவர் குழு போடப்பட்டது. அவர்கள் இரண்டு முறை கூடி, ஒரு முறை சண்டை போட்டு, ஐந்தாவது கூட்டத்தில் வரையறையை முன்வைத்தார்கள். எளிய பயணம் என்பது தலைவரால் செய்யக்கூடிய பயணம். தலைவர் அடக்கமாகக் கண்களை மூடிக்கொண்டார்.

இடையில் கிரேன்காரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டுக்கு வந்தார். வரும்போது சைக்கிளில்தான் வந்தார். பழைய கறுப்புச் சைக்கிள். மணி அடித்தால் பாத்திரக் கடை விழுந்த மாதிரி சத்தம். கேட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

"என்னய்யா குமாஸ்தா, கடலு அதே இடத்துலதான் இருக்கா, தீர்மானம் போட்டுத் தள்ளி வச்சுட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாத. தேதி கெடச்சாச்சு. இருபத்தெட்டு. நீ கெளம்பறதுக்கு முந்துன நாளு."

"முந்துன நாளா?"

"தலைவருக்கு அன்னைக்குத்தான் தோது. அதுக்கு முன்னாடி அவருக்கு டிரெஸ் வந்து சேரலயாம்."

"டிரெஸ்ஸா?"

"சைக்கிள் டிரெஸ்."

கிரேன்காரர் ஊன்றிய காலைப் பெடலில் வைத்தார். "அதையும் பாத்துட்டே போறேன்" என்று சொல்லிவிட்டு, மணியை ஒருதரம் அடித்துவிட்டுப் போனார்.

ஏழாவது கூட்டத்தில் அரை டாக்டர் எழுந்தார். துறைமுக மருந்தகத்தில் மருந்து எடுத்துக்கொடுத்தவர்; முழு டாக்டரைவிடக் கண்டிப்பானவர். அறுபது தாண்டிய ஆட்கள் பதினோரு கிலோமீட்டர் மிதிக்கப் போகிறார்கள், உடல் தகுதி பார்க்காமல் எப்படி அனுப்புவது என்று கேட்டார். தன்னிடம் ஒரு பிரஷர் கருவி இருக்கிறது, இலவசமாகவே பார்க்கத் தயார். நூற்றைம்பதுக்கு மேல் காட்டினால் சைக்கிள் கிடையாது. கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. செயலாளர்தான் அதை அழகான வாசகமாக்கினார். 'எக்காரணம் கொண்டும் விதிவிலக்கு இல்லை' என்ற வரி அவருடையது. அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் தீர்மானத்துக்கு முதுகெலும்பு இருக்காது என்பது அவர் கொள்கை.

எட்டாவது கூட்டத்தில் எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். தலைவருக்கு நூற்று நாற்பத்தொன்பது. அரை டாக்டர் கருவியை இரண்டு தடவை தட்டியபின் அப்படிக் காட்டியது. கிரேன்காரருக்கு நூற்று அறுபத்திரண்டு.

மின்விசிறி மட்டும் ஒரு பழைய அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ பாருங்களேன்" என்றார் செயலாளர், மெதுவாக.

"விதிவிலக்கு இல்லன்னு போட்டிருக்கே" என்றார் அரை டாக்டர். "நீங்க எழுதுனதுதானே."

தலைவர் பெருந்தன்மையோடு ஒரு வழி கண்டுபிடித்தார். கிரேன்காரர் சைக்கிளில் வர முடியாதே தவிர, பயணத்தின் கௌரவ விருந்தினராக, பின்னால் வரும் வேனில், முன் இருக்கையில் வரலாம். கைதட்டல். கிரேன்காரரும் தட்டினார். இரண்டு தட்டு.

மறுநாள் செயலாளர் அந்தக் கடிதத்தை டைப் அடித்தார். வாயால் சொல்லியிருக்கலாம், ஆனால் முடிவு எழுத்தில் போக வேண்டும் என்பது விதி. 'தங்களை மிதிவண்டியில் பயணிக்க அனுமதிக்க இயலாமைக்கு மன்றம் வருந்துகிறது' என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, தானே கொண்டுபோனார்.

கிரேன்காரர் வீட்டில் பாதிச் சாமான் பெட்டிகளுக்குள் போயிருந்தது. சுவரில் படம் இருந்த இடங்கள் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தன. அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார்.

"நல்லா அடிச்சிருக்கே. ஒரு தப்பு இல்ல."

"நான் என்னய்யா செய்யறது. தீர்மானம் ஆயிடுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலயே." கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷத்துல நீ எனக்கு எழுதுன மொத லெட்டர் இது. தெரியுமா?"

செயலாளருக்குத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் பல்லாயிரம் கடிதம் எழுதியிருக்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேட்டருகே பாத்திரக் கடை விழுந்தது. செயலாளர் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு வந்தார். கிரேன்காரர் சைக்கிளில், ஒரு கால் தரையில். பின்னால் கேரியரில் ஒரு துணிப்பையில் நாலு வாழைப்பழம், ஒரு தண்ணீர் பாட்டில்.

"வாய்யா" என்றார். "இன்னைக்கு இருபத்தஞ்சு. யாருக்கும் சொல்ல வேணாம். போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம்."

"உனக்கு நூத்தி அறுபத்திரண்டு."

"எனக்கு பத்து வருஷமா நூத்தி அறுபத்திரண்டு. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் கிரேன் ஓட்டுனேன். உன் தலைக்கு மேல நாப்பது டன் ஆடிக்கிட்டிருந்துச்சு, அன்னைக்கு யாரும் கேக்கல."

செயலாளர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். போகலாம் என்று ஒரு கால் சொன்னது. ஆனால் பதினோரு மணிக்கு வழித்தட ஆய்வு இருந்தது. காற்றுக் குழுவும் எளிமைக் குழுவும் வேனில் வந்து பாதையைப் பார்வையிடுகின்றன. செயலாளரும் கௌரவ விருந்தினரும் அதற்கு முன்பே அங்கே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? இருபத்தெட்டாம் தேதி அப்புறம் என்ன அர்த்தம்?

"இன்னும் மூணு நாளுதானே" என்றார். "எல்லாருமாப் போவோம். நீ வேன்ல வந்தாலும் அங்க எறங்கப்போற, நானும் அங்க வந்து நிக்கப்போறேன். அதே எடந்தானே."

"அதே எடந்தான்" என்றார் கிரேன்காரர்.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி வெளியே வந்து, "போயிட்டு வாங்களேன், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது. கிரேன்காரர் தெருமுனையில் கடல் பக்கம் திரும்பவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு வாழைப்பழத்தைக் கேட்டின் கம்பியில் செருகிவிட்டுப் போயிருந்தார்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் பதிமூன்று சைக்கிள்களும் ஒரு வேனும் மீன்வலைக் கடை வாசலில் கூடின. தலைவர் மஞ்சள் நிற சைக்கிள் உடையில் வந்தார். அது உடலோடு ஒட்டுகிற ரகம். துணைக் கண்காணிப்பாளர் பதவி மறைத்துவைத்திருந்த பல உண்மைகளை அது ஒரே நாளில் வெளியிட்டது. அண்ணன் மகனிடம் வாங்கிய சைக்கிளில் பதினெட்டு கியர். தலையில் ஹெல்மெட், கையில் உரை. உரை இருபத்தைந்து நிமிடம். வெயில் ஏறியது.

வேனின் முன் இருக்கையில் கிரேன்காரர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். செயலாளர் சைக்கிளில் ஏறும் முன் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது.

முதல் கிலோமீட்டர் கம்பீரமாகப் போனது. இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில், சாலை கடலை ஒட்டித் திரும்புகிற இடத்தில், காற்றுக் குழுவின் அறிக்கையில் இல்லாத ஒரு காற்று பக்கவாட்டில் வந்தது. தலைவர் கியரை மாற்றினார். எந்தப் பக்கம் மாற்றினார் என்பது அவருக்கே தெரியாது. சங்கிலி கடகடவென்றது, சைக்கிள் நின்றது, தலைவர் நிற்கவில்லை; மிகுந்த நிதானத்தோடு, ஒரு கட்டடம் இடிவது போல, ஓரத்து மணலில் சாய்ந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது.

"செயலாளர்" என்று அவர் மணலிலிருந்து கூப்பிட்டார். வலி என்று கூப்பிடவில்லை, அம்மா என்று கூப்பிடவில்லை.

செயலாளர் ஓடிப்போய் முட்டி போட்டு அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அரை டாக்டர் தைலத்தைக் கொடுத்தார். மற்ற பதினொரு பேரும் சைக்கிளிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் முகத்தில் கவலையைவிட நிம்மதி அதிகம் இருந்தது.

தலைவரை வேனில் ஏற்ற வேண்டும். காலை நீட்ட முன் இருக்கைதான் வசதி. கிரேன்காரர் கதவைத் திறந்து இறங்கினார்.

"அவரு உக்காரட்டும். எனக்கு வெளிய காத்து நல்லாருக்கு."

அவர் மணலில் கிடந்த பதினெட்டு கியரை நிமிர்த்தினார். ஹேண்டிலைத் துடைத்தார். கைப்பிடியில் இருந்த கியர் நெம்புகோலை ஒரு தடவை அந்தப் பக்கம், ஒரு தடவை இந்தப் பக்கம் தட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நெம்புகோல்களோடு இருந்த கை. சங்கிலி தன் இடத்தில் உட்கார்ந்தது. ஏறி அமர்ந்தார்.

"குமாஸ்தா" என்றார், சத்தம் போடாமல். "வா."

செயலாளரின் மடியில் தலைவரின் கால். ஒரு கையில் தைலம்.

"நீ முன்னால போ. நான் பின்னாலயே வந்துடறேன்" என்றார். சொன்னபோது அதை அவர் முழுதாக நம்பினார்.

கிரேன்காரர் தலையாட்டிவிட்டு மிதித்தார்.

"நூத்தி அறுபத்திரண்டு" என்றார் அரை டாக்டர், போகிறவர் முதுகைப் பார்த்து. யாரும் அவரைத் தடுக்கவில்லை.

செயலாளர் எழுந்தார். எழுந்து தன் சைக்கிள்வரை நடந்தும்விட்டார். அப்போது தலைவர் வேனுக்குள்ளிருந்து, நடந்ததை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டார். பயணம் நிறைவுற்றதா, ஒத்திவைக்கப்பட்டதா, பாதியில் நிறுத்தப்பட்டதா? நிறுத்தப்பட்டது என்றால் யாரோ விழுந்த மாதிரி ஆகிவிடும். ஒத்திவைக்கப்பட்டது என்றால் மறுபடி வர வேண்டும். அதற்கு யாரும் தயாரில்லை. சாலையோரத்தில் நின்றபடியே ஒன்பதாவது கூட்டம் நடந்தது. நாற்பது நிமிடத்துக்குப் பின் 'இயற்கைச் சூழல் கருதி, குறுகிய வடிவில் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்று முடிவானது. செயலாளர் அதை எழுதினார். அவர்தான் எழுத வேண்டும். அவர் கையெழுத்துதான் புரியும்.

அப்புறம் தலைவரின் காலை யாராவது பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். யாராவது என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் தீர்மானத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு தடவை, செயலாளர் நிமிர்ந்து பார்த்திருந்தார். சாலை நேராக, நீளமாக, கடலுக்கும் புதருக்கும் நடுவே போனது. கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்தது. மூச்சு வாங்கியிருக்கும் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். நூற்று அறுபத்திரண்டு ஆயிற்றே.

மாலையில் கிரேன்காரர் அந்தச் சைக்கிளைத் தலைவர் வீட்டுத் திண்ணையில் சாத்திவிட்டு, மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமானைக் கட்டப் போய்விட்டார் என்று செயலாளர் கேள்விப்பட்டார்.

மறுநாள் ரயில் நிலையத்துக்கு மன்றமே வந்தது. தலைவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து, இது பிரிவு அல்ல என்று ஆரம்பித்தார். கிரேன்காரரின் மகள் சன்னல் ஓரத்தில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கிரேன்காரர் உரைக்கு நடுவே செயலாளரின் பக்கம் நகர்ந்து வந்தார்.

"கோப்ப மூடிட்டியா?"

"இன்னும் இல்ல. அறிக்கை பாக்கி." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "எப்படிய்யா இருந்துச்சு?"

"போய்ப் பாரு" என்றார் கிரேன்காரர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"மாமா, உடம்பப் பாத்துக்கங்க" என்றாள் மகள் செயலாளரிடம். ரயில் தலைவரின் மூன்றாவது உவமையில் கிளம்பியது.

நாலு மாதம் கோப்பு மேசையிலேயே கிடந்தது. மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, 'பயணத்தின் மொத்தத் தூரம்' என்ற ஒரு கட்டம் மட்டும் காலி. காற்றுக் குழு பதினொன்று என்றது. எளிமைக் குழு பத்தரை என்றது. உண்மையில் போனது மூன்று. மனைவி தூசி தட்டும்போதெல்லாம் அந்தக் கோப்பைத் தூக்கி, தூசி தட்டி, அதே இடத்தில் வைத்தார். 

ஒரு புதன்கிழமை காலை செயலாளர் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தார்.

"தூரம் சரிபாக்கணும்" என்றார்.

"பாருங்க" என்றார் மனைவி. இரண்டு வாழைப்பழத்தைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அப்புறம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டைப் போட்டார்.

சாலை தட்டையாக இருந்தது. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. தலைவர் விழுந்த இடத்தைத் தாண்டும்போது அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. கலங்கரை விளக்கம் வந்தது, போனது. கரை வளைந்தது. அவ்வளவுதான், வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நிமிடம். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. எந்த வரையறையின்படி பார்த்தாலும் அது எளிய பயணம். இதைவிட எளிதான ஒன்றை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. உடைந்த சிப்பிகள், காலில் குத்தின. ஒரு கயிற்றுத் துண்டு, ஒற்றைச் செருப்பு. மணல் தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்கு வெள்ளையுமில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் துறைமுகத்துக் கிரேன் தீக்குச்சி அளவில் நின்றது. அதன் உச்சியில் ஒரு புள்ளி, கேபின். அலுவலக ஜன்னலைக் கிடங்கு மறைத்திருந்தது.

ஒரு பழத்தைத் தின்றார். மூன்று மீதி இருந்தது. போனை எடுத்தார்.

"யாரு" என்றது கிரேன்காரரின் குரல். பின்னால் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான்யா. திட்டுல இருக்கேன்."

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைந்தது. கதவு ஒன்று சாத்தப்பட்டது.

"யாரோட?"

"தனியாத்தான்."

"மன்றத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"துணிஞ்சுட்டே" என்றார் கிரேன்காரர். சிரிக்கிறார் என்று தெரிந்தது. "சத்தம் கேக்குது. போனக் கடல் பக்கம் காட்டு."

செயலாளர் கையை நீட்டிப் போனைக் கடல் பக்கம் காட்டினார். எவ்வளவு நேரம் காட்டுவது என்று தெரியவில்லை. கை வலிக்கும்வரை காட்டிவிட்டுக் காதில் வைத்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு, வந்து சேர?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"அம்பத்திரண்டு நிமிஷம்."

"எனக்கு அதவிட ஜாஸ்தி ஆச்சு. நடுவுல நாலஞ்சு தடவ நின்னேன்."

"ஆமா, நான் ஒரு தடவ பாத்தேன். மூச்சு வாங்குச்சா?"

"மூச்சா?" என்றார் கிரேன்காரர். "பின்னாலயே வர்றேன்னு சொன்னியே. அதான், வர்றியான்னு பாத்தேன்."

எதிர்ப்பக்கம் மகளின் குரல், சாப்பிடக் கூப்பிட்டது. "இரு, கூப்பிடறா" என்றார் கிரேன்காரர். "சரிய்யா. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பு. திரும்பும்போது காத்து எதுர்ல அடிக்கும். அந்த விரல் ரிப்போர்ட்டுல அது ஒண்ணு மட்டும் உண்ம."

உண்மைதான். திரும்பும்போது காற்று நேர் எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பாதி வழியில் செயலாளர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இடையிடையே நின்றார். நிற்கும்போதெல்லாம், காரணம் எதுவும் இல்லாமல், திரும்பிப் பின்னால் பார்த்தார்.

தூரம் என்ற கட்டத்தை அவர் கடைசிவரை நிரப்பவில்லை.